என் பெயர், அவன் கால்

டும்.

ஆமி முகாம் பக்கம். எண்ணத் தொடங்குகிறேன். ஒன்று. இரண்டு. மைதானத்தில் எல்லோரும் எண்ணுகிறார்கள். வாய் அசையாமல் எண்ணுகிறார்கள். பந்து இடது கோட்டில் இருக்கிறது. அருள் பந்தோடு ஓடிக்கொண்டிருக்கிறான். மூன்று. நான்கு.

எங்கள் மைதானத்துக்குக் கணக்கு பதினான்கு. ஷெல் புறப்படும் சத்தம் கேட்டால் பதினான்கு எண்ணுவதற்குள் விழும். ஐந்துக்குள் ஓடத் தொடங்கினால் பங்கருக்குள் போகலாம். எட்டில் நிற்கிற இடத்திலேயே படு. பத்துக்குப் பிறகு மாதாவைக் கூப்பிடு. இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஞானோபதேசம் மறந்தவனுக்கும் இது மனப்பாடம்.

றெபரி விசிலைத் துப்புகிறார்.

"படுங்கோ! எல்லாரும் படுங்கோ!"

படுத்தோம். பதினான்கு. கடலுக்குள் விழுந்தது. தண்ணீர் எழும்பிய சத்தம், பிறகு வலையைத் தட்டுவது போல் ஒரு சரசரப்பு. ஞாயிற்றுக்கிழமை. பின்னேரம் நாலு பத்து. இறுதிப் போட்டி. எங்கள் பக்கம் இரண்டு கோல், அவர்களுக்கு ஒன்று.

"பங்கருக்கு ஓடுங்கோ!"

எழும்பி ஓடினோம். இரண்டாவது ஷெல் புறப்பட்டதை ஒருவரும் கேட்கவில்லை. முதலாவது விழுந்த சத்தத்துக்குள் அந்த "டும்" அமிழ்ந்துவிட்டது. கேட்காததை எப்படி எண்ணுவது?

நான் விளையாடவில்லை. இடது மூலைக் கொடிக்குப் பக்கத்தில், கணுக்காலில் ஆமணக்கு இலை வைத்துத் துணி சுற்றி, தடி ஊன்றி நின்றேன். கால் சுளுக்கு என்று வியாழக்கிழமை கழகத்துக்குச் சொல்லியிருந்தேன். என் இடத்தில், என் சட்டையில், என் பெயரில் அருள் இறங்கியிருந்தான். பங்கர் எனக்குப் பின்னால் இருபது பாகம். தடியை எறிந்துவிட்டு ஓடினேன். நன்றாக ஓடினேன். அந்தக் காலில் ஒன்றும் இல்லை.

அருள் எனக்குப் பின்னால் வந்தான். பந்தைக் கக்கத்தில் வைத்திருந்தான். பொருளாதாரத் தடைக் காலம். ஊருக்கே அந்த ஒரு பந்துதான்.

"பந்தை விட்டிட்டு ஓடடா!" யாரோ கத்தினார்கள்.

அவன் விடவில்லை. நான் ஓடுவதை அவன் பார்த்துவிட்டான். பங்கர் வாயில் நான் திரும்பியபோது சிரித்துக்கொண்டு வந்தான். ஓடி ஓடியே கத்தினான்.

"டேய் றெஜி! உன்ர கால் சுகமடா!"

அவன் பேசிய கடைசி வார்த்தைகள் அவை. அதற்கு மேல் நான் கேட்டது சத்தம் அல்ல. காதுக்குள் ஒரு கூவல். அது நின்றபோது மணி நாலு பதினொன்று.

முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இதை நான் ஸ்காபரோவில், பதினான்காம் மாடியில் இருந்து எழுதுகிறேன். வீடு பார்க்க வந்த அன்று லிப்டில் பதினான்கை அமத்தியபோது வாய் அசையாமல் எண்ணத் தொடங்கினேன். வாடகை கட்டுபடியானது. எடுத்தேன். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. ஒரு ஆளுக்குச் சமைக்கத் தெரியாமல் இப்போதும் கூடச் சமைத்துவிட்டு மூன்று நாள் தின்கிறேன். பாவப்பட வேண்டாம். சாட்சி சொல்லுகிறவன் யார் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

என் பெயர் அந்தோனிப்பிள்ளை றெஜினோல்ட். பதினொன்றாம் இலக்கம். லெஃப்ற் விங். பத்திரிகையின்படி அந்த ஞாயிறு நான் செத்துவிட்டேன்.

அருளைப் பற்றிச் சொல்லுகிறேன். அவனைப் பற்றி எழுதின கடதாசி உலகத்தில் ஒன்றும் இல்லை.

சவரிமுத்து அருள்நாயகம். வடக்குக் கரையில் ஒரு மீன்பிடி ஊர். ஆமிக்காரர் முள்ளுக்கம்பி அடித்து அந்த ஊரைச் சனத்துக்குப் பூட்டினார்கள். அதன் சனம் எங்கள் கோயில் பள்ளிக்கூடத்தில் வந்து இருந்தது. ஒரு வகுப்பறைக்கு ஐந்து குடும்பம். நடுவில் சேலை கட்டி மறைப்பு. ஒரு மாதம் என்றுதான் வந்தார்கள். ஐந்து வருடம் இருந்தார்கள்.

அவன் வெறுங்காலோடு விளையாடுவான். பூட்ஸ் கொடுத்தால் விறைத்த மாடு மாதிரி நடப்பான். இடது கால்தான் எல்லாம். வலது கால் சும்மா துணைக்கு. சுண்ணாம்பு கிடைக்காததால் நாங்கள் மைதானத்துக்குச் சாம்பலால் கோடு போடுவோம். அருள் அந்தச் சாம்பல் கோட்டில் கால் வைத்து வைத்தே ஓடுவான். ஆட்டம் முடிந்தால் இடது கோடு அழிந்திருக்கும். எதிர்ப் பக்க றைட் பக் தேடிக்கொண்டு நிற்பான். இவன் அதற்குள் பந்தை உள்ளே போட்டுவிட்டு வந்துகொண்டிருப்பான். நான் அவனுக்கு உறை போடக் காணாது. நானே சொல்லுகிறேன்.

ஆனால் அவனுக்குக் காட், படம் ஒட்டிய கழக அட்டை, கிடையாது. எங்கள் கழகத்தின் விதி அப்படி. எங்கள் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவன்தான் எங்கள் சட்டை போடலாம். வந்தான் வரத்தான் எல்லாம் விளையாடினால் பிறகு ஊர் எதற்கு என்பார்கள். அருளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோயில் முள்ளுக்கம்பிக்கு அங்கால். கோயில் புத்தகமும் அங்கே. போய் எடுத்துவர அவன் என்ன பறவையா?

விதியும் வேண்டும், அவன் காலும் வேண்டும். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தோம். யாருக்காவது காய்ச்சல் என்றால், யாராவது சொல்லாமல் கொள்ளாமல் வெளிநாடு போய்விட்டால், அந்தக் காட்டில் அருள் இறங்குவான். காட்டில் இருக்கிற படம் நகத்தளவு. மங்கிப்போனது. ஆட்டம் தொடங்குமுன் இரண்டு பக்கமும் வரிசையாக நிற்கும். றெபரி தாளைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். கூப்பிட்டவன் ஓரடி முன்னால் வந்து, காட்டைக் காட்டி, "ஓம்" என்று சொல்ல வேண்டும். அருள் நாலு பருவம் விளையாடினான். ஐந்து பெயர்களுக்கு "ஓம்" சொன்னான். ஒன்றும் அவனுடையது இல்லை. றெபரிக்கும் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம், அவரும் இருந்து சாப்பிட்டார்.

சட்டை மாற்றும்போது அருள் பகிடியாகக் கேட்பான்.

"இண்டைக்கு நான் ஆர்?"

நாங்கள் சிரிப்போம். ஒவ்வொரு முறையும் சிரித்தோம். இப்போது நினைத்தால் எங்கள் எல்லோருக்கும் செவிட்டைப் பொத்தி ஒன்று விட வேண்டும் போல் இருக்கிறது. எனக்கு முதலில்.

இனி என் சுளுக்கு. அப்பா கொழும்பில் ஏஜென்சிக்காரனைப் பிடித்துவிட்டார். வியாழக்கிழமை காலையில் செய்தி வந்தது. அடுத்த வியாழன் கடல்நீரேரி தாண்ட வேண்டும். "கால் முறிஞ்சுதோ, எல்லாம் முடிஞ்சுது. மைதானப் பக்கம் போகாதை" என்றார். வெளிநாடு போகிறவன் அதை வாய் திறந்து சொல்ல மாட்டான். எங்கள் ஆட்களின் பழக்கம் அது. கண்ணூறு, பொறாமை, காட்டிக்கொடுப்பு, எல்லாவற்றுக்கும் பயம். கூடப் படுத்த சிநேகிதனுக்கும் சொல்லாமல் போவோம். ஆகவே ஆமணக்கு இலை. துணி. தடி. ஞாயிற்றுக்கிழமை அருளிடம் என் காட்டை நீட்டினேன். வாங்கினான். "இண்டைக்கு நான் ஆர்?" என்று என்னிடமே கேட்டான். "நான்தான்டா" என்றேன்.

அவன் கலியாணம் கட்டி மூன்று மாதம்.

திங்கட்கிழமை பத்திரிகைக்காரர் வந்தார். கையில் அகப்பட்டது றெபரியின் தாள் ஒன்றுதான். அதில் உள்ளபடி எழுதினார். செத்தவர்கள் நால்வர். எங்கள் பக்கம் இருவர், அவர்கள் பக்கம் இருவர். எங்கள் இருவரில் ஒருவர் அந்தோனிப்பிள்ளை றெஜினோல்ட். அருளைச் செவ்வாய்க்கிழமை அடக்கம் செய்தார்கள். நான் போகவில்லை. வியாழக்கிழமை படகு ஏறினேன். ஒரு மாதத்தில் ஊர் முழுதும் இடம்பெயர்ந்தது. அதற்குப் பிறகு யார் யாரைத் திருத்துவது? கோயில் புத்தகம் போயிற்று. கழகப் புத்தகம் போயிற்று. றெபரியின் தாள் மட்டும் மிஞ்சியது.

அதைக் கனடாவுக்குக் கொண்டுவந்தவர் பிலிப் அண்ணை. அப்போது கழகச் செயலாளர். இப்போதும் அவர்தான். மில்லிக்கனில் வீடு. பேஸ்மென்ற்றில் அந்த வருடத்துக் கப் இருக்கிறது. ஆட்டம் நின்ற நேரத்தில் இரண்டுக்கு ஒன்று என்பதால் அதை எங்களுக்குத் தந்தார்கள். வருடா வருடம் ஆடி மாதம் ஸ்காபரோவில் ஒரு பார்க்கில் நினைவுச் சுற்றுப்போட்டி. ஆட்டம் தொடங்குமுன் தாளைப் பார்த்து நாலு பெயர் வாசிப்பார்கள். பிறகு ஒரு நிமிட மௌனம். நானும் தலை குனிந்து நிற்பேன். என் பெயருக்கு நானே.

"செத்தவருக்கு ரெண்டு றோல்ஸ் கூட வையுங்கோ" என்று பகிடி விடுவார்கள். நானும் சிரித்து இரண்டு றோல்ஸ் கூடத் தின்றிருக்கிறேன். வெட்கங்கெட்டவன். தின்றேன்.

போன சித்திரை. என் வேலை, வயதானவர்களை வானில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் திரும்ப இறக்குவது. ரெக்ஸ்டேலில் ஒரு முதியோர் இல்லம். காலை ஒன்பது இருபது. ஒரு வீல்செயாரை ஏற்றிக் கொளுக்கியைப் பூட்டுகிறேன். கூட வந்த பெண் அங்கே பராமரிப்பு வேலை செய்கிறவர். தமிழ். ஐம்பது சொச்சம். என் சட்டையில் குத்தியிருந்த பெயரை வாசித்தார். திரும்ப வாசித்தார்.

"உந்தப் பேரில எங்கட ஆள் ஒருத்தர் செத்தவர்."

கொளுக்கியைப் பிடித்தபடி நிமிர்ந்தேன்.

"ஆர்?" என்றேன்.

"என்ர அவர். வேற ஆரோ ஒரு பெடியன்ர காட்டில விளையாடப் போனவர். பேப்பரில அந்தப் பெடியன்ர பேரைத்தான் போட்டவை. எனக்கு ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை, அண்ணை. இஞ்ச வந்து அகதிக் கேஸ் சொல்லேக்கை, புருசன் செத்ததுக்கு என்ன அத்தாட்சி எண்டு கேட்டாங்கள். என்னத்தைக் காட்ட?"

அவர் பெயர் ரதி. அருள் மனைவியோடு நான் ஊரில் கதைத்ததில்லை, முகமும் தெரியாது. நான் வீல்செயாரைப் பூட்டினேன். கதவைச் சாத்தினேன். வானை எடுத்தேன். கோழை என்றால் இப்படித்தான் இருப்பான்.

மூன்று வாரம் அந்த றூற்றை வேறு ஆளுக்கு மாற்றினேன். நாலாவது வாரம் லீவு எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ரெக்ஸ்டேல் போனேன். ஒன்றே முக்கால் மணித்தியாலம். வேலை முடிந்து வந்தவரிடம் வாகனத் தரிப்பிடத்தில் நின்று சொன்னேன். அந்தப் பெடியன் நான். கால் சுளுக்கு இல்லை. பொய் சொன்னேன்.

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் சுகமாக இருந்திருக்கும். கனநேரம் என் காலைப் பார்த்தார்.

"கடைசியா ஏதும் சொன்னவரோ?"

சொன்னேன். உன்ர கால் சுகமடா. சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

அவரும் சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்தது. நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவன் அடித்த கோல்களை எண்ணினோம். பள்ளிக்கூடச் சுவரில், கரியால், ஒவ்வொரு கோலுக்கும் ஒரு கோடு கீறியிருக்கிறான் அருள். சேலை மறைப்புக்கு அங்கால் இருந்த பெட்டை எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறாள். அந்தப் பெட்டைதான் ரதி. முப்பத்தொரு கோடு. நான் கண்ட கோல்களை ஆட்டம் ஆட்டமாகச் சொன்னேன். எந்தப் பெயரில், எந்தக் கழகத்துக்கு, மழையா வெயிலா. அவர் தலையாட்டினார். கடைசி ஞாயிறு அடித்ததோடு முப்பத்திரண்டு. அந்தக் கோட்டைக் கீற ஆள் வரவில்லை.

"எனக்கு வேற ஒண்டும் வேண்டாம். அந்த நாலு பேரில இவற்ர பேரை ஒருக்கா வாசிக்கச் சொல்லுங்கோ" என்றார்.

பிலிப் அண்ணையிடம் போனேன். தேத்தண்ணி தந்தார். நல்ல மனிதர். என் அப்பாவின் செத்தவீட்டில் பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கியவர். விசயத்தைச் சொன்னதும் கோப்பையை வைத்தார்.

"உனக்கென்ன விசரோ? அவன் எங்கட கோயில் இல்லை. அவன் விளையாடினதெண்டு நாங்களே சொன்னா, அந்தக் கப் கள்ளக் கப். மற்றப் பக்கத்துப் பெடியளும் இஞ்சதான் இருக்கிறாங்கள். காறித் துப்புவாங்கள். செத்தவங்கள் நிம்மதியாக் கிடக்கட்டும்."

"கிடக்கிறது என்ர பேரில அண்ணை."

"அதுக்கென்ன இப்ப? நீ உயிரோடதானே நிக்கிறாய்!"

நான் கோப்பையை முடிக்காமல் எழும்பினேன்.

ஆடி. சனிக்கிழமை. காலை பத்து ஐந்து. நல்ல வெயில். புல் வெட்டிய மணம். பியர்சனில் இறங்கும் பிளேன் ஒன்று தாழப் பறக்கிறது. எங்கள் வயதுக்காரர் ஆறேழு பேர் கதையை நிறுத்தி மேலே பார்க்கிறோம். பிள்ளைகள் பார்க்கவில்லை. ரதி வேலை உடுப்போடு வந்து இடது மூலைக் கொடிக்குப் பக்கத்தில் தனியே நிற்கிறார். ஒருவருக்கும் அவரைத் தெரியாது.

பெயர் வாசித்தது பிலிப் அண்ணையின் மகள். இங்கே பிறந்தவள். தமிழ் எழுத்து தெரியாததால் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். முதல் பெயர். மௌனம். இரண்டாவது.

"அந்தோனிப்பிள்ளை றெஜினோல்ட்."

ஓரடி முன்னால் வந்தேன். சுளுக்கு என்று சொன்ன காலைத்தான் முன்னால் வைத்தேன். அந்த நல்ல கால்.

"ஓம்."

பின்னால் ஒருவன் சிரித்தான். "செத்தவர் வந்திட்டார், றோல்ஸ் எங்க?" மற்றவர்கள் சிரிக்கவில்லை. பிள்ளை தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"வெயிற், அங்கிள். நீங்கள் றெஜி அங்கிள்தானே. அப்ப செத்தது ஆர்?"

"பிள்ளை, நீ அடுத்ததை வாசி" என்றார் பிலிப் அண்ணை.

"இல்லை அப்பா. ஹூ டைட்?"

முப்பது வருடத்தில் ஒருவரும் என்னிடம் இப்படிக் கேட்கவில்லை. சொன்னேன். மைக் இல்லாமல் கத்திச் சொன்னேன். பெயர். ஊர். இடது கால். ஐந்து காட். முப்பத்திரண்டு கோல். என் பொய். எல்லாவற்றையும்.

பிலிப் அண்ணை மற்றப் பக்கத்தைப் பார்த்தார். அங்கே அந்தக் கழகத்துப் பழைய கோல்கீப்பர் மனோ நின்றான். தொப்பை, முழங்காலில் பட்டி. அவன் துப்பவில்லை. தொப்பியைக் கழற்றினான்.

"எங்களுக்கு அண்டைக்கே தெரியும். அந்தக் காலை ஆருக்குத் தெரியாது? எனக்கு ஒரு கோல் அடிச்சவன். நாங்கள் ஏன் முறைப்பாடு குடுக்கேல்லை எண்டு நினைக்கிறியள்?" தொப்பியைக் கையில் திருப்பினான். "அண்டைக்குச் செத்த எங்கட லெஃப்ற் பக்கும் அந்தத் தாளில இருக்கிற ஆள் இல்லை. அவனும் அகதி முகாம் பெடியன். அவன்ர முழுப் பேர் எனக்குத் தெரியாது. குட்டி எண்டுதான் கூப்பிட்டனாங்கள்."

பிலிப் அண்ணை புல்லில் இருந்துவிட்டார். முகத்தைக் கையால் மூடினார்.

பிள்ளை பேனை கேட்டு வாங்கினாள். என் பெயரை வெட்டினாள். இடது மூலைக்கு நடந்து போய் ரதியிடம் பெயரைக் கேட்டு எழுதினாள். திரும்பி வந்து நிமிர்ந்து வாசித்தாள். கொஞ்சம் பிழையான உச்சரிப்பு.

"சவரிமுத்து அருள்நாயகம்."

ரதி ஓரடி முன்னால் வந்தார்.

"ஓம்."

இழந்தவற்றின் எண்ணிக்கை இது. மைதானம் ஒன்று. பந்து ஒன்று. கோயில் புத்தகங்கள் இரண்டு, எங்களுடையதும் அவனுடையதும். கரிக்கோடு கீறிய சுவர் ஒன்று. அன்று செத்தவர்கள் நாலு பேர். முப்பது வருடம் நாங்கள் வாசித்த பெயர்கள் நாலு. அதில் சரியானவை இரண்டு. இந்த ஆடி முதல் மூன்று.

நாலாமவனைக் குட்டி என்று கூப்பிட்டார்கள். றைட் விங்குகளைத் தாண்டவிடாத லெஃப்ற் பக். இதை வாசிக்கிறவர்களில் அவனுக்கு உரியவர்கள் யாராவது இருந்தால், ஆடி மாதம் வாருங்கள். அவனுக்கு "ஓம்" சொல்ல ஆள் இல்லை.